உச்சிப்புளியில் ஐந்தாம் படிகம்

வீட்டில் சாக்லேட் செய்து பழகுகிறவர்கள் நாலு முறை செய்து பார்த்ததுமே கேட்டுவிடும் கேள்வி, எந்த டெம்பரிங் மெஷின் வாங்கலாம் என்பது. ஊட்டியிலிருந்து கேட்டால் அதற்கு ஒரு பதில். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே, வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் நெருங்கி வரும் உச்சிப்புளியிலிருந்து கேட்டால் வேறு பதில். மெஷின் அதே மெஷின்தான், சாக்லேட்டும் அதேதான். சுற்றியிருக்கும் காற்றுதான் வேறு. இந்த மெஷின்களை வடிவமைத்தவர்கள் அந்தக் காற்றை ஒரு உறுப்பாகவே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் விற்பனைப் பட்டியலில் அதைப் போடவில்லை.

மெஷின் என்ன வேலை செய்கிறது என்று புரிய, முதலில் கோக்கோ வெண்ணெயைப் புரிந்துகொள்ள வேண்டும். கோக்கோ விதையின் எடையில் ஏறக்குறைய பாதி இந்தக் கொழுப்பு. அதன் மூலக்கூறுகளில் பெரும்பகுதி மூன்றே வகை. மூன்றிலும் நடுவில் ஓலிக் அமிலம் இருக்கும். இரு ஓரங்களிலும் பால்மிட்டிக்கோ ஸ்டியரிக்கோ இருக்கும். இப்படி ஒரே அச்சில் வார்த்ததுபோல் மூலக்கூறுகள் அமைந்த கொழுப்பு சமையலறையில் வேறு இல்லை. நெய்யிலும் நல்லெண்ணெயிலும் பலவகை மூலக்கூறுகள் கலந்து கிடப்பதால் அவை உருகும்போது கொஞ்சம் கொஞ்சமாக இளகுகின்றன. கோக்கோ வெண்ணெயோ ஒரு சில டிகிரிக்குள் கல்லிலிருந்து திரவமாகிவிடும். நாக்கில் வைத்ததும் கரைகிற அந்தச் சுகம் இதனால்தான்.

ஆனால் இந்த மூலக்கூறுகள் உறையும்போது அடுக்கிக்கொள்ளும் முறை ஒன்றல்ல, ஆறு. 1966ல் வில்லி, லட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இந்த அடுக்குகளைப் பிரித்தறிந்து, ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுத்தார்கள். அவர்கள் அளந்த உருகுநிலைகள் முறையே 17.3, 23.3, 25.5, 27.3, 33.8, 36.3 டிகிரி செல்சியஸ். சாக்லேட் செய்கிறவருக்கு வேண்டியது ஐந்தாவது. அதை மட்டும் வரவழைக்கும் வேலைக்குப் பெயர்தான் டெம்பரிங். பளபளப்பும், உடைத்தால் சட்டென்று எழும் ஓசையும், சுருங்கி மோல்டிலிருந்து தானே கழன்று விழும் குணமும் அதற்குத்தான் உண்டு. ஆறாவது இன்னும் உறுதியானது என்றாலும் உருகிய நிலையிலிருந்து நேராக வராது. ஐந்தாவது நாளடைவில் ஆறாக மாறும்போது மேலே சாம்பல் பூத்ததுபோல ஒரு வெண்படலம் படரும்.

இந்த எண்களை லண்டனில் உட்கார்ந்து படிப்பதும் உச்சிப்புளியில் உட்கார்ந்து படிப்பதும் ஒன்றல்ல. அருகிலுள்ள பாம்பனின் தட்பவெப்பத்தைப் பாருங்கள். தை மாதத்து அதிகாலையிலேயே வெப்பம் 24 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மே மாதத்தில் இரவில்கூட 27ஐ ஒட்டித்தான் நிற்கும். பகலில் வீட்டுக்குள் 31, 32. தகர ஷீட் போட்ட சமையற்கட்டாக இருந்தால் பிற்பகலில் 35ஐத் தாண்டும். இப்போது அந்த ஆறு எண்களை மறுபடி பாருங்கள். முதல் நான்கு வடிவங்களும் நம் வீட்டு அறை வெப்பத்திலேயே உருகிவிடும். டெம்பரிங் செய்யாத சாக்லேட் லண்டனில் மங்கலாக, சற்று மென்மையாக இருக்கும்; ஆனாலும் அது கட்டிதான். இங்கே அது கட்டியாக இருக்கவே முடியாது. அங்கே அழகுக்காகச் செய்யும் வேலை, இங்கே பண்டம் பண்டமாக இருப்பதற்கே வேண்டிய வேலை ஆகிறது. அந்த ஐந்தாம் படிகத்துக்கும் நம் அறைக்கும் நடுவே உள்ள இடைவெளியும் இரண்டு மூன்று டிகிரிதான். பால் சாக்லேட்டில் பால்கொழுப்பு கலந்திருப்பதால் அதுவும் குறைந்துவிடும். கடற்கரையில் தொடங்குகிறவர் டார்க் சாக்லேட்டில் தொடங்குவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

டெம்பரிங்கின் வழக்கமான பாதை இது: டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கிப் பழைய படிகங்களை அடியோடு அழிக்க வேண்டும். பிறகு கிளறிக்கொண்டே 27, 28க்குக் கொண்டுவந்தால் நான்காவதும் ஐந்தாவதும் கலந்து முளைக்கும். அதன்பின் 31, 32க்கு ஏற்றினால் நான்காவது உருகி மறையும், ஐந்தாவது மட்டும் விதையாக நிற்கும். இந்த விதைகள் மொத்தக் கொழுப்பில் ஒரு சிறு பங்குதான். மோல்டில் ஊற்றியதும் மீதியெல்லாம் அவற்றைப் பார்த்து அதே முறையில் அடுக்கிக்கொள்ளும்.

சூடாக்குவது பெரிய வித்தை இல்லை. ஒரு பல்புகூடப் போதும். சிக்கல் 28க்கு இறங்குவதில் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கென்று உலகெங்கும் பேர்போன வகை, சுழலும் கிண்ணம் கொண்ட மேசை மெஷின். அமெரிக்காவின் சாக்கோவிஷன் நிறுவனத்தின் ரெவொலேஷன் வரிசை அதற்கு நல்ல உதாரணம். கிண்ணத்தின் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். ஒரு பக்கம் உருகிய சாக்லேட், மறுபக்கம் விதையாகக் கட்டிச் சாக்லேட் துண்டுகள். கிண்ணம் சுற்றச் சுற்றத் தடுப்பு வழித்துக் கிளறும், உணரி வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும், கீழிருந்து சூடும் காற்றும் மாறி மாறி வரும். நல்ல பொறியியல்தான். ஆனால் அது குளிர்விப்பது எதைக் கொண்டு? அறைக்காற்றை ஊதும் ஒரு விசிறியைக் கொண்டு.

விசிறியால் எதையும் அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. நியூட்டன் காலத்திலிருந்தே தெரிந்த விதி: ஒரு பொருள் குளிரும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. அறை 20 டிகிரியாக இருந்தால் 45லிருந்து இறங்கும் சாக்லேட்டுக்கு முதலில் 25 டிகிரி வேறுபாடு கிடைக்கிறது. 28ஐ எட்டும்போதும் எட்டு டிகிரி மிச்சம் இருக்கும். அறை 31 ஆக இருந்தால் தொடக்கத்திலேயே வேறுபாடு 14தான். 34க்கு வரும்போது வெறும் மூன்று. அதற்குப்பின் மெஷின் மணிக்கணக்கில் ஓடும், திரையில் எண் அசையாது. 28 என்பது அந்த அறையில் எட்டவே முடியாத இடம். மெஷின் பழுதில்லை. கச்சான் காலத்துப் பிற்பகலில் உச்சிப்புளி அடுக்களையில் அதை ஓட்டினால், மின்சாரம் செலவழித்துச் சாக்லேட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

அறை தகுதியானதா என்று பார்க்க வெப்பமானிகூட வேண்டாம், தேங்காய் எண்ணெய் பாட்டில் போதும். இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்பு எண்ணெய்க்கு உருகுநிலை 24, 25 டிகிரி. உறைவதற்கு அதைவிட ஓரிரு டிகிரி கீழே போக வேண்டும், ஏனென்றால் படிகம் முளைக்க எப்போதும் கொஞ்சம் கூடுதல் குளிர் தேவை. சாக்லேட்டில் நடப்பதும் அதே கதைதான். ஊட்டியில் பாட்டிலை அடுப்போரம் வைத்து எண்ணெயை இளக்கித் தலைக்குத் தேய்க்கிறார்கள். 2,200 மீட்டர் உயரத்தில் அறையே பாதி டெம்பரிங் மெஷின். அங்கே வீட்டுக்கு வீடு சாக்லேட் தொழில் தழைத்ததில் ஆச்சரியமில்லை. உச்சிப்புளியில் எண்ணெய் உறைந்து பார்த்தவர் குறைவு. எந்த அறையில் எண்ணெய் உறையத் தொடங்குகிறதோ, அந்த அறையில் சாக்லேட் வேலையைத் தொடங்கலாம்.

விசிறிக்குப் பதில் கம்ப்ரஸர் வைத்த மெஷின்களும் உண்டு. இத்தாலியின் செல்மி, எஃப்.பி.எம். போன்றவற்றின் தொடர்சுழற்சி மெஷின்கள் குளிர்சாதனப் பெட்டிபோலத் தாமே குளிரை உண்டாக்கிக்கொள்கின்றன. அறை எப்படியிருந்தாலும் 28க்கு இறங்கிவிடும். ஆனால் விலை லட்சங்களில். போதாக்குறைக்கு, சாக்லேட்டிலிருந்து எடுத்த வெப்பத்தையும் கம்ப்ரஸர் சொந்தமாக உண்டாக்கும் வெப்பத்தையும் அதே அறைக்குள்ளேயே கொட்டும். கதவைச் சாத்திய சின்ன அறையில் அது சாக்லேட்டைக் குளிர்விக்கும், உங்களை அவித்துவிடும். வீட்டுத் தொழிலுக்கு இது வேண்டாம்.

இடையில் ஒரு விஷயம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்தத் துறையில் உலகப் பெயர் உண்டு. இட்லிமாவு ஆட்டும் மேசைக் கிரைண்டரைச் சற்றே மாற்றியமைத்த கல் கிரைண்டர்களில்தான் இன்று பல நாடுகளின் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் கோக்கோவை அரைக்கிறார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் மெலாஞ்சர். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதனால், ‘கிரைண்டர் வாங்கினால் டெம்பரிங்கும் சேர்ந்து முடிந்துவிடுமா?’ என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. ஒரு நாள், இரண்டு நாள் என்று ஓடும் அந்தக் கற்கள் உராய்வாலேயே சாக்லேட்டை 45, 50 டிகிரியில் வைத்திருக்கின்றன. அந்தச் சூட்டில் எந்தப் படிகமும் பிழைக்காது. அது நம் பாதையின் முதல் படியை மட்டும் பிரமாதமாகச் செய்யும் மெஷின்.

28க்கு இறங்காமலே ஐந்தாம் படிகத்தைப் பெற முடியுமா? முடியும். கடற்கரைக்கு ஏற்ற வழி இதுதான் என்று நினைக்கிறேன். முளைக்க வைக்கத்தான் குளிர் வேண்டும். முளைத்த விதையை வெளியிலிருந்து போட்டால் அது வேண்டியதில்லை. கோக்கோ வெண்ணெயை மட்டும் தனியே 33.5 டிகிரியை ஒட்டி ஒரு நாள் வைத்திருந்தால், பாதி உருகிய மயோனைஸ் பதத்துக்கு வரும். அந்தச் சூட்டில் முதல் நான்கும் நிற்க முடியாது, ஆறாவது உருகிய நிலையிலிருந்து நேராக வராது என்பதால் அதிலிருக்கும் படிகமெல்லாம் நமக்கு வேண்டிய படிகம். தொழிலில் இதைச் சில்க் என்கிறார்கள். சாக்லேட்டை உருக்கி, 33, 34க்கு ஆறவிட்டு, எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு சில்க் கலந்து கிளறினால் டெம்பரிங் முடிந்தது. ஒரு கிலோவுக்குப் பத்து கிராம். கவனியுங்கள், 34 வரை இறங்க உச்சிப்புளிக் காற்றே போதும்.

இந்தச் சில்க் தயாரிப்பதற்கென்றே கனடாவில் உருவான ஈஸிடெம்பர் என்ற சிறு பெட்டி இருக்கிறது. அதை வரவழைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. நீரைத் துல்லியமாக ஒரே சூட்டில் வைக்கும் சூ வீட் குச்சியை ஒரு பாத்திரத் தண்ணீரில் நிறுத்தி, இறுக மூடிய பையில் கோக்கோ வெண்ணெயைப் போட்டு மூழ்கவைத்தால் அதே வேலை நடக்கும். பையில் பொத்தல் இருக்கக் கூடாது. சில சொட்டுத் தண்ணீர் போதும், உருகிய சாக்லேட்டின் சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களிமண்ணாகத் திரண்டுவிடும்.

எளிய விதை இன்னொன்று, கடையில் வாங்கும் குவர்ச்சர் சாக்லேட்டே. ஆலையிலிருந்து அது டெம்பரிங் ஆகித்தான் வருகிறது. உருகிய சாக்லேட்டில் நாலில் ஒரு பங்கு அதை நறுக்கிப் போட்டுக் கிளறினால் விதை கிடைத்துவிடும். ஆனால் சித்திரை வெயிலில் மதுரையைத் தாண்டி பார்சல் வேனில் வந்த பை வழியில் ஒருமுறை உருகியிருந்தால், அதில் ஐந்தாம் படிகம் செத்துப்போயிருக்கும். பையைத் திறந்து பாருங்கள். பொத்தான் வடிவச் சாக்லேட் துண்டுகள் தனித்தனியாகப் பளபளத்தால் விதைக்கு ஆகும். ஒன்றோடொன்று ஒட்டி, மங்கிப்போயிருந்தால் உருக்க மட்டுமே ஆகும்.

ஆக, மெஷினிடம் நாம் கேட்பது குறைந்துவிட்டது. சாக்லேட்டைக் கருகாமல் உருக்க வேண்டும்; 31லிருந்து 33க்குள் சொன்ன சூட்டில் அசையாமல் பிடித்து நிற்க வேண்டும். இதற்கு மெல்ட்டர் என்ற சூட்டுத்தொட்டி போதும். தண்ணீர் ஊற்றி ஆவியில் சூடாக்கும் வகை வேண்டாம், உலர்சூட்டு வகையாகப் பாருங்கள். அரை டிகிரி துல்லியம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். சூட்டை நீங்களே கையால் மாற்ற முடிகிறதா என்பது அதைவிட முக்கியம். 31.5ல் இரண்டு மணி நேரம் வைத்திருந்தால் விதைகள் பெருகிச் சாக்லேட் கூழாகக் கெட்டிப்படும். அப்போது ஒரு டிகிரி ஏற்றிச் சிலவற்றை உருக்கிவிட வேண்டும். ‘டார்க்’, ‘மில்க்’, ‘ஒயிட்’ என்று மூன்று பொத்தான்களோடு நின்றுவிடும் மெஷினில் இந்த நெளிவுக்கு இடமிருக்காது.

வெளிநாட்டு மெஷின் என்றால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் மெஷினை நம் 230ல் நேராகச் செருகினால் முதல் நாளே கடைசி நாள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் 60 சுழற்சி 50 ஆக மாறாது. சில மோட்டார்கள் மெதுவாகச் சுற்றும். உப்புக்காற்று மின்சுற்றுப் பலகைகளை அரிப்பது கடலோரத்தில் டிவி, மிக்ஸி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ பழுதுபார்க்க ஆள் இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

வெப்பமானிக்கு ஒதுக்கும் பணத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. மலிவான அகச்சிவப்புத் துப்பாக்கிகள் ஒன்றரை, இரண்டு டிகிரி பிசகலாம். அதோடு மேற்பரப்பைத்தான் பார்க்கும். நமக்கு வேண்டிய சாளரமே ஒரு டிகிரிதான். குத்திப் பார்க்கும் கம்பி வெப்பமானியை வாங்கி, அதைக் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள். உடல்வெப்பத்தை ஒட்டிய சூட்டில் 0.1 டிகிரிக்குச் சரியாகக் காட்ட வேண்டிய கருவி அது. நம் வேலைக்கு அதைவிடப் பக்கத்தில் அமைந்த அளவுகோல் வீட்டில் கிடையாது. 37 டிகிரி வெந்நீர்க் கிண்ணத்தில் இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் பிசகு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்து மோல்டில் ஊற்றிய பிறகுதான் பெரிய வெப்பமே வெளியே வரும். பலர் எதிர்பார்க்காத இடம் இது. ஒரு கிலோ சாக்லேட்டை 45லிருந்து 28க்கு இறக்கக் கிட்டத்தட்ட 30 கிலோஜூல் எடுத்தால் போதும். அதே ஒரு கிலோ உறையும்போது கொழுப்பின் உள்ளுறை வெப்பமாக இன்னும் 40, 50 கிலோஜூல் வரை கிளம்பும். திரவமாக இருந்தபோது மூலக்கூறுகள் வைத்திருந்த ஆற்றல் அது; அடுக்கில் அமரும்போது விட்டுவிடுகின்றன. அந்தச் சூட்டை உடனுக்குடன் எடுத்துச் செல்லாவிட்டால், கெட்டியான பாளத்தின் நடுப்பகுதி தன் சூட்டிலேயே விதைகளை உருக்கிக்கொள்ளும். மேலே பளபளப்பு, நடுவில் சாம்பல் வட்டம்: இது கண்ணில் பட்டால் டெம்பரிங்கைக் குறை சொல்லாதீர்கள், குளிர்வித்ததில்தான் குறை. 30 டிகிரி அறையில் ஐந்தாம் படிகம் வளர்வதும் ஆமை வேகம். கத்தி நுனியில் தடவிப் பார்க்கும் சோதனைகூட 20 டிகிரி அறையில் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லும். நம் அடுக்களையில் அரை மணி ஆனாலும் ஈரமாகவே இருந்து ஏமாற்றும்.

ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன என்பார்கள். வைக்கலாம், ஆனால் எடுக்கும்போது வம்பு. 30 டிகிரியில் 75 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றுக்குப் பனிநிலை 25 டிகிரி. அதாவது 25ஐவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பின் மேலும் அந்தக் காற்று வியர்த்துவிடும். பத்து டிகிரியில் இருந்து வெளியே வந்த சாக்லேட்டின் மேல் நொடியில் நீர் படியும், சர்க்கரை அதில் கரையும், நீர் காய்ந்ததும் சொரசொரப்பான வெள்ளைத் திட்டு மிஞ்சும். வாடைக்கால மழையில் ஈரப்பதம் 85 விழுக்காட்டை நெருங்கினால் குளிர்ச்சியே வேண்டாம். சர்க்கரை காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும்.

எனவே உச்சிப்புளியில் வாங்க வேண்டிய முதல் டெம்பரிங் மெஷின் ஒரு டன் ஏ.சி. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நொடிக்கு மூன்றரை கிலோஜூல் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் கருவி அது. நம் ஒரு கிலோ சாக்லேட்டின் மொத்த உறைவெப்பமும் அதற்குக் கால் நிமிட வேலை. காற்றிலுள்ள நீரையும் சேர்த்தே வடிக்கிறது. அறை 20, 22க்கு வந்துவிட்டால் மோல்டுகள் மேல் ஒரு மேசை விசிறியைத் திருப்பிவிடுங்கள். நின்ற காற்று வெப்பத்தை மோசமாகத்தான் கடத்தும். அந்த அறைக்குள் வைத்தால் சுழல்கிண்ண மெஷினும் ஒழுங்காக வேலை செய்யும். வாராவாரம் சில கிலோ செய்து விற்கிறவர் அப்போது அதை யோசிக்கலாம். பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் செய்கிறவருக்கு மெல்ட்டர், சில்க், நல்ல வெப்பமானி இவையே தாராளம். பணம் ஏ.சி.க்குப் போகட்டும். சாக்லேட் செய்யாத நாளில் மெஷின் தூங்கும், ஏ.சி. அறையில் நீங்கள் தூங்கலாம்.

இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம் என்கிறவர்கள் காம்பவுண்டுக்குப் போகிறார்கள். ‘ஹோம்மேட் சாக்லேட்’ என்று நம் ஊர்களில் விற்பதில் கணிசமானது அதுதான். அதில் கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் பனைக்கொட்டை எண்ணெய் போன்றவற்றை மாற்றியமைத்த கொழுப்பு இருக்கும். இந்தப் பனை நம் கருப்பட்டிப் பனை அல்ல, எண்ணெய்ப்பனை. அந்தக் கொழுப்பு ஒரே வடிவில் நிலையாக உறைவதால் டெம்பரிங் தேவையில்லை. வெயிலையும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் வகைகள் உண்டு. சமாளிக்க அது நேர்மையான வழிதான், லேபிளில் காம்பவுண்ட் என்று போட்டால். ஆனால் வாயில் சட்டென்று கரையும் அந்தச் சுகம் அதில் வருவதில்லை, மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். செலவைக் குறைக்க இரண்டையும் பாதிக்குப் பாதி கலப்பவர்கள் உண்டு. இரு கொழுப்புகளும் ஒன்றின் அடுக்கை மற்றொன்று கெடுத்து, தனித்தனியே இருந்ததைவிடக் குறைந்த சூட்டில் இளகும் கலவையாகிவிடும். கடற்கரையில் அதைவிடப் பெரிய தப்பு இல்லை.

வெப்பத்துக்கு அசையாத சாக்லேட்டுக்கு உலகம் முயலாமல் இல்லை. 1937ல் அமெரிக்க ராணுவம் ஹெர்ஷி நிறுவனத்திடம் வெயில் தாங்கும் கட்டி ஒன்றைக் கேட்டு வாங்கியது. சுவை அவித்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம் மேலாக இருந்தால் போதும் என்பதே நிபந்தனை. வீரர்கள் ஆசைப்பட்டு முன்கூட்டியே தின்றுவிடக் கூடாதாம். ராமேஸ்வரம் யாத்ரிகர்களுக்கு விற்கப் போகிறவர் அந்த நிபந்தனையை ஏற்க முடியாது.

ஆகவே மிச்சமிருப்பது வாசற்படி. 21 டிகிரி அறையில் பளபளவென்று கழன்று விழுந்த துண்டுகளைத் தட்டோடு திண்ணைக்குக் கொண்டுவந்தால், பனிநிலைக்குக் கீழே இருப்பதால் அவையும் வியர்க்கும். உள்ளேயே ஃபாயிலில் சுற்றி, டப்பாவில் இறுக மூடி, அதன் பிறகு வெளியே எடுங்கள். டப்பாவின் வெளிப்புறம் வியர்த்துக் காயட்டும். துண்டுகள் வெளிவெப்பத்துக்கு வந்து சேர ஒரு மணி நேரமாவது டப்பாவைத் திறக்க வேண்டாம். வாங்குகிறவருக்கும் இதைச் சொல்லியனுப்புங்கள்: மண்டபம் தாண்டும் முன் தின்றுவிடுவதாக இருந்தால் பையில் வைக்கலாம், பஸ்ஸின் ஜன்னலோரம் வேண்டாம்.